சேவை வழங்கப்பட்ட இடம்

இரவு ஏழரைக்கு
ஒகையோவில் கடை திறப்பார்கள்.
வாசனை மெழுகுதிரி விற்கும் கடை,
முதலாளி பெயர் டோனா, முகம் பார்த்ததில்லை.
மாங்குளத்தில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்து அறையில்
எண்ணிக்கொண்டிருப்பேன் நான்,
அவளின் எந்தப் பொதி எந்த எல்லையைத் தாண்டியது என்று.

சில மாநிலங்கள் இருநூறு பொதிவரை பேசாமல் இருக்கும்.
சிலதுக்கு ஒரு லட்சம் டொலர்.
அதற்குமேல் ஒரு திரி போனாலும்
கடிதம் வரும், பின்னாலே தண்டம் வரும்.
ஒரிகனில் மட்டும் விற்பனை வரியே கிடையாது.
சில இரவுகளில் அங்கே போகவேண்டும் போலிருக்கும்,
மெழுகுதிரியாகவாவது.

இப்போது எனக்கும் ஓர் இலக்கம் தந்திருக்கிறது
இறைவரித் திணைக்களம்.
ரின் நம்பர் எடுத்தேன் என்றதும்
அப்பா உள்ளே போய்
பழைய பிஸ்கற் ரின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

லொறி ஓடினவர்.
ஓமந்தையில் ஒரு சுமைக்கு இரண்டு துண்டு:
இந்தப் பக்கம் ஒன்று,
சூனியப் பகுதி தாண்டி அந்தப் பக்கம் ஒன்று.
எல்லாம் ரின்னுக்குள் இருக்கின்றன, ஆண்டுவாரியாக,
றப்பர் வளையம் உருகி ஒட்டியபடி.
இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.
"ரெண்டு வரியும் கட்டலாம் பிள்ளை.
நடுவில வெயிலுக்க நிண்டு அழுகின வெங்காயத்துக்குத்தான்
ஒருத்தரும் துண்டு தரேல்லை."

பிறகு கேட்டார்,
"உந்த ஒகையோக்காரர் எங்கட ஒழுங்கையைப் போடுவினமோ?"
தங்களுடையதைப் போடுவார்கள், அப்பா.
டோனா கட்டும் காசில்.
அதைச் சதம் பிசகாமல் கணக்குப் பார்த்தது நான்.
எங்கள் ஒழுங்கைக்கு
மாரியில் முச்சக்கரவண்டி வராது.

வவுனியாவில் படிவம் கேட்டது:
சேவை வழங்கப்பட்ட இடம்.
கதிரை இங்கே.
காசு கொழும்பில் இறங்கி, இரண்டு நாள் நின்று வருகிறது.
திரி எரிவதோ விஸ்கொன்சினில்,
யாரோ ஒருவரின் குளியலறையில்.
இதையெல்லாம் சொன்னேன்.
கவுண்டரில் இருந்த நிரோஜா
பேனையால் தட்டிக் காட்டினாள்:
"ஒண்டைத்தான் எழுதலாம் அக்கா. பெட்டி சின்னன்."

மாங்குளம் என்று எழுதினேன்.
கடைசி 'ம்' கோட்டைத் தாண்டி
அடுத்த பெட்டிக்குள் போய்விட்டது.
அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்,
பிறகு முத்திரையை
அதன் மேலேயே குத்தினாள்.