துறைமுகம் மூடல்

வானொலி சொன்னது:
வடமேற்குக் காற்று, அலை மூன்று மீட்டர்,
சிறு படகுகளுக்குத் துறைமுகம் மூடல்.
சொன்னவனுக்கு முப்பத்திரண்டும் சுகமாக இருக்கும்.
குரலிலேயே தெரிந்தது.

எனக்குக் கீழ்வரிசை, வலப்பக்கம்,
கடைசிக்கு முந்தியது.
திங்கள் இரவு அது விழித்துக்கொண்டது.
அதற்குப் பின் இந்த வீட்டில்
எவரும் உறங்கவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு இரு, எதுவினா,
காற்று இறங்கட்டும் என்றான் லிசாண்ட்ரோ.
எந்தப் பல்லை என்றேன்.
தலையைச் சொறிந்தபடி விறகெடுக்கப் போனவன்
திரும்பிவர அரைமணி நேரம் ஆயிற்று.

கிராம்பு வைத்தேன்.
கொதிக்கக் கொதிக்க உப்புநீர் கொப்பளித்தேன்.
ஓட்டிலியா கொடுத்தனுப்பிய ஆப்பிள் சாராயத்தைப்
பஞ்சில் நனைத்து அடக்கிக்கொண்டேன்,
மீதியைக் குடித்தேன்.
பாதித் தலை மரத்துப் போனது.
மறுபாதியில் யாரோ
படகுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சன்னலுக்கு வெளியே சிப்பிப் பண்ணையின் மிதவைகள்
கறுப்புக் கறுப்பாய், வரிசையாய்,
ஒன்றிரண்டு இடைவெளி விட்டு.
எதைப் பார்த்தாலும் பல்.

புதன்கிழமை சுகாதார நிலையத்துக்கு நடந்தேன்.
மிரேயாவிடம் இருந்தவை:
காய்ச்சல் மாத்திரை, பேன் மருந்து,
குழந்தை எடைபோடும் தராசு.
வாக்கி டாக்கியில் பெரிய தீவைக் கூப்பிட்டாள்.
அங்கிருந்து கேட்டார்கள்:
மூச்சு விட முடிகிறதா? முடிகிறது.
விழுங்க முடிகிறதா? முடிகிறது.
கண் மூடுமளவு வீக்கமா? இல்லை.
அப்படியானால் கடற்படைப் படகு வராது,
இன்னும் வீங்கினால் சொல்லுங்கள் என்றார்கள்.

அன்றிரவு
இன்னும் கொஞ்சம் வீங்கு என்று
என் கன்னத்திடமே மன்றாடினேன்.
அதுவோ
வேண்டாதபோதெல்லாம் வீங்கிய கன்னம்.

வியாழன் அதிகாலை துறை திறந்தது.
பெலார்மினோவின் படகில்
உருளைக்கிழங்கு மூட்டைகள், பள்ளி ஆசிரியை, ஒரு செம்மறி.
இரண்டு மணி நேரமும் அது அசைபோட்டது.
நான் அதன் தாடையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
பொறாமை என்றால் என்னவென்று
ஐம்பத்தோரு வயதில் தெரிந்தது.

அச்சாவ் மருத்துவமனையில்
அவசரப் பல்லுக்கு ஒரு நாளைக்கு எட்டு எண்.
நான் ஒன்பதாவது ஆள்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள்
கணினியிலிருந்து முகம் எடுக்காமல் கேட்டாள்:
வலி, ஒன்றிலிருந்து பத்து வரை எவ்வளவு?
மூன்று மீட்டர் என்றேன்.
நிமிர்ந்து பார்த்தாள்.
ஏதோ ரசீதின் பின்பக்கத்தைக் கிழித்து
பேனாவால் ஒன்பது என்று எழுதித் தந்தாள்.

மருத்துவன் சின்னப் பையன், இக்கிகேக்காரன்,
மழையே காணாத ஊர்.
என் வாய்க்குள் இரண்டு விரலும் கண்ணாடியும் வைத்துக்கொண்டு
இங்கே மழை எப்போது நிற்கும் என்றான்.
ஆ என்றேன்.
அதுதான் சரியான பதிலும்.

பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்தான்.
காப்பாற்றலாம், சென்யோரா, நல்ல வேர்.
காஸ்த்ரோவுக்கு அனுப்புகிறேன்,
மூன்று தடவை போனால் போதும்.

மூன்று தடவை.
படகு, பேருந்து, திரும்பப் பேருந்து,
அதற்குள் காற்று மாறினால்
யார் வீட்டிலாவது இரவு,
கூலியில்லாத நாள்கள்.
அவன் காத்திருந்தான்.
பிடுங்கிவிடு என்றேன்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு
ஊசியை எடுத்தான்.
என் பல்லுக்காக முகம் வாடிய ஆள்
இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான்.

மூன்று மணிப் படகைப் பிடிக்க
வாயில் பஞ்சோடு ஓடினேன்.
பெலார்மினோ என்று கூப்பிட நினைத்து
வெலாவினோ என்று கத்தினேன்.
பல் போனால் சொல் போச்சு,
உதடும் அதற்குத் துணைபோயிற்று.
போகும்போது இருந்த பாரம் வரும்போது இல்லையே,
கட்டணத்தில் கழித்துக்கொள்ளட்டுமா என்றான்.
கழிக்கவில்லை.

விறைப்பு இறங்கியதும் நாக்கு அங்கே போனது.
விரட்டினேன். மறுபடி போனது.
மெத்தென்று, உப்பாக,
அது நேற்றுவரை அறியாத ஓர் இடம்.

இரவு வானொலி:
துறைமுகம் மூடல், மறு அறிவிப்பு வரும்வரை.
லிசாண்ட்ரோ ஒலியைக் குறைத்தான்.
நான் ஆறிய உருளைக்கிழங்கை
இடப்பக்கமாக மென்றேன்,
மெதுவாக.