ஐந்நூறாவது கட்டுங்க

திருத்துறைப்பூண்டி கோர்ட்டுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
வக்காலத்து, வாய்தா மனு, ஜப்தி உத்தரவு,
பிரிந்துபோகிறவர்களின் கல்யாணப் பத்திரிகை
எல்லாம் இந்தக் கண்ணாடியில்
குப்புறப் படுத்து எழுந்து போனவை.
பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

புதன்கிழமை தபால்காரர் நீட்டியதைப்
பழக்கத்தில் வாங்கிப் பிரித்து
மெஷின் மூடியைத் தூக்கிவிட்டேன்.
குப்புறப் போடும்போதுதான் பெயர் கண்ணில் பட்டது:
தவச்செல்வி, க/பெ வைரக்கண்ணு.

லோடு ஆட்டோக் கடன்.
பதினொரு வருஷத்துக்கு முந்தியது.
வாங்கியது வாங்கியதுதான், இல்லையென்று சொல்லவில்லை.
இருபத்தாறு தவணை கட்டினோம்.
இருபத்தேழாவது மாதம் மேட்டூரில் தண்ணீர் இல்லை,
வயலில் நெல் இல்லை, ஏற்ற மூட்டை இல்லை.
மன்னார்குடி ரோட்டில் வண்டியை மறித்துச்
சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.
முன்சீட்டில் இருந்த மகளின் ஜியாமெட்ரி பாக்ஸும்
அதோடு போனது.
வண்டி போனால் கடனும் போயிற்றென்று
நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

இப்போது கேட்பது அந்தக் கம்பெனி இல்லை,
அவர்களிடம் கடனை விலைக்கு வாங்கியவர்கள்.
அறுத்து முடிந்த வயலைப் பேசி முடித்து
வாத்து இறக்குவார்களே, அதுபோல.
உதிர்ந்தது எத்தனை மணியோ,
அத்தனை அலகும் சேற்றுக்குள்.

காலை ஏழேமுக்காலுக்கு ஒரு பெண்குரல்: "மேடம்."
பத்தரைக்கு ஆண்குரல்: "ஏம்மா."
விளக்கு வைக்கும் நேரத்தில்
"கோர்ட்ல கொண்டாந்து நிக்க வெச்சிருவோம்."
பதினாலு வருஷமாக அதற்கு எதிரேதானே நிற்கிறேன்.
இதை அப்போது சொல்லவில்லை.
ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது.

திருப்பூரிலிருந்து வைரக்கண்ணு
"போனை எடுக்காதே" என்கிறார்.
அவர் நம்பரை மாற்றி மூன்று மாதம் ஆகிறது.

வெள்ளிக்கிழமை ஆளே வந்தான்.
பிரதீபன் என்று கழுத்தில் அட்டை.
கும்பகோணத்திலிருந்து பைக்கில் வந்த வேர்வை.
தண்ணீர் கேட்டான், கொடுத்தேன்.
"முழுசும் வேணாம்க்கா. ஐந்நூறாவது கட்டுங்க.
இந்தத் தாள்ல ஒரு கையெழுத்து.
மேல நான் பேசிக்கிறேன்."

ஐந்நூறு இருந்தது.
கை தானாகவே கல்லாவுக்குப் போனது.
கொடுத்துத் தொலைத்தால்
ஒரு வாரமாவது தூங்கலாம்.

மற்றவர் தாளைப் படிக்கக் கூடாது என்பது தொழில் தர்மம்.
நான் படித்திருக்கிறேன்.
மூன்று வருஷம் தாண்டிய கடன்
கோர்ட் வாசலில் செத்துக் கிடக்கும்,
"மீதியைத் தருகிறேன்" என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டால்
எழுந்து உட்கார்ந்து சோறு கேட்கும்.
அந்த வரி அவன் தாளில் நாலாவதாக இருந்தது,
மற்றதைவிடச் சின்ன எழுத்தில்.

வாங்கி நகல் எடுத்தேன்.
சூடாக வந்ததை நான் வைத்துக்கொண்டு
ஒரிஜினலை அவனிடம் கொடுத்தேன்.
"வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன்."
"அப்ப கோர்ட்டுக்குத்தான் போவோம்க்கா."
"போங்க தம்பி, எதிர்லதான் இருக்கு."
குரல் நடுங்கியது.
ஆனாலும் இந்தத் தடவை நேரத்துக்கு வந்துவிட்டது.

அவன் பைக் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு.
அவனுக்கும் மாசக் கணக்கு இருக்கும்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மருந்துக்கடைக் கவரைப் பிரித்தேன்.
இருபத்தாறு ரசீது.
வழவழத்தாள், மெஷின் துப்பிய ரசீது.
ஒன்றிலும் எழுத்தில்லை,
வெயில் தின்று வெள்ளையாகக் கிடந்தன.
ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுத்தவள்
இதற்கு எடுக்கவில்லை.

ஒன்றைக் கண்ணாடியில் வைத்துக்
கருமையைக் கடைசிவரை கூட்டினேன்.
சாம்பல் நிறத்தில் ஒரு தாள் வந்தது.
மடிப்புக் கோடுகள் மட்டும்
ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி என்று
பிரிந்து பிரிந்து போயின.
ஓரத்தில் ஓர் எண்.
நான்காக இருக்கலாம். ஒன்பதாகவும் இருக்கலாம்.

அடுத்ததை வைத்தேன்.

வெளியே யாரோ வக்கீல் குமாஸ்தா
ஷட்டரைத் தட்டுகிறார்:
"அவசரம்மா, ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல."