அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

கரடிப்போக்குச் சந்தியில், உரக்கடைக்கு மேல்மாடி.
பதினொரு கொம்பியூட்டர், ஒன்று பழுது.
காது கேளாதவர்கள் பார்க்கும் படங்களின் அடியில்
சிரிப்பு எங்கே வருகிறது என்று எழுதுவது என் வேலை.
[சிரிப்பு]
[பலத்த சிரிப்பு]
[பாட்டு, சோகமானது]

அமெரிக்கப் பகிடி சுகம்.
அவர்களே சிரித்துத் தந்துவிடுகிறார்கள்.
ஒரு சோபா, ஒரு கதவு, கதவால் ஒருவன் வருவான்,
வாய் திறக்க முதலே
முகம் தெரியாத இருநூறு பேர்
விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.
நான் நேரத்தைக் குறித்தால் போதும்.
முடிவில் எல்லாரும் கட்டிப்பிடிப்பார்கள்,
அதற்கும் ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள்.

பிரித்தானியப் பகிடிதான் தலையிடி.
ஒருவன் தேத்தண்ணி ஊற்றுகிறான்.
கூரை ஒழுகிக் கோப்பைக்குள் விழுகிறது.
"மன்னிக்கவும்" என்கிறான், கூரையிடம்.
பிறகு ஒன்பது செக்கன் ஒன்றுமில்லை.
எமல்டா அக்காவைக் கூப்பிட்டேன்.
மூன்று தரம் ஓடவிட்டுப் பார்த்தா.
"கச்சேரியில வரிசையில நிக்கிற எங்கட ஆக்கள்தான் இவன்.
ஒண்டும் கிடைக்காதெண்டு தெரியும்,
எண்டாலும் சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்."
அப்போதுதான் வந்தது சிரிப்பு, எனக்கு.
அதை எழுத விதியில்லை.
[மௌனம்] என்று போட்டேன்.

பாட்டுக்கும் இங்கே இரண்டு கட்சி.
கஜீபன் அமெரிக்கா.
அவன் மேசைப் பாட்டில் எப்போதும் ஒரு கார்,
முடியாத றோட்,
எவனோ ஊரைவிட்டு வெளிக்கிடுகிறான்.
அந்த றோட்டில் ஓமந்தை இல்லை,
இறங்கு, ஏறு, பையைத் திற இல்லை.
என் பாட்டில் மழை, பஸ் தரிப்பிடம், பூட்டிய தொழிற்சாலை.
பாடுகிறவன் மூக்கால் பாடுவான்.
விருப்பம் என்று சொல்ல வந்து
காலநிலை கதைத்துவிட்டுத் திரும்பிப் போவான்.

"எல்லாம் அங்க கறுத்தச் சனம் பாடினது" என்பான் கஜீபன்.
"உன்ர ஆக்கள் கப்பலில வந்த இசைத்தட்டைக் கேட்டுப் பழகி
முடி வளர்த்து
திருப்பி அங்கயே கொண்டுபோய் வித்தவங்கள்."
உண்மைதான்.
எங்கட நெல்லும் லொறியில் தெற்குக்குப் போய்
பையில் பெயர் அடித்துக்கொண்டு
இந்த உரக்கடைக்குப் பக்கத்துக் கடையில்தான் வந்து இறங்குகிறது.
விலை கேட்டால் அழுகை வரும், ஆனால் சோறு நல்ல சோறு.

போன கிழமை ஒரு துண்டு வந்தது.
பழைய லண்டன், நிலவறை, மேலே விமானம்.
ஒரு மனுசி அயல்வீட்டுத் திரைச்சீலையின் நிறத்தைக் குறை சொல்கிறாள்.
யாரும் சிரிக்கவில்லை.
பதினொரு செக்கன்.

எனக்கு அப்போது எட்டு வயது.
பங்கருக்குள் ஏழு பேர், மண் கொட்டிக்கொண்டிருந்தது.
கூரையும் கதவும் போய் மூன்று நாளான வீட்டை நினைத்து
அம்மா திடீரென்று கேட்டா:
"நான் வீட்டைப் பூட்டினனானோ?"
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, பிரித்தானியா மாதிரி.
பிறகு சிரித்தோம், அமெரிக்கா மாதிரி,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
மேலே விழுந்ததன் சத்தம் கேட்காத அளவுக்கு.
கடைசியாக நிறுத்தினது அம்மாதான்.

நான் அந்தப் பதினொரு செக்கனில்
[பலத்த சிரிப்பு, ஏழு பேர்] என்று எழுதி அனுப்பினேன்.

கொழும்பிலிருந்து திருத்தம் வந்தது:
ஒலியில் சிரிப்பு இல்லை, நீக்கவும்.
சொல்லை நீக்கினேன்.
குறிகளை விட்டுவிட்டேன்.
[            ]
இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது கரண்ட் இல்லை.
கஜீபன் ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றப் போயிருக்கிறான்,
மழைப் பாட்டொன்றை
மூக்கால் பாடிக்கொண்டு.