கடைசி வரிசை

மன்னார்குடி உபகோட்ட அலுவலகத்தில்
விசிறி இரண்டாம் எண்ணில் மட்டும் சுற்றும்.
அதற்குக் கீழே என் கணினி.
கோரையாற்று மதகுகள் நாற்பத்தேழு.
திறந்த நாள் தொட்டு அடைத்த நாள் வரை
இருநூற்று முப்பது.
பெருக்கினால் பத்தாயிரத்து எண்ணூற்றுப் பத்துக் கட்டம்.

ஃபங்ஷனுக்கு ‘வரத்து’ என்று பெயர் வைத்தேன்.
மதகையும் தேதியையும் சொல்லிக் கூப்பிட்டால்
கன அடியைச் சொல்லும்.
மறுபடி கூப்பிட்டால் மறுபடி சொல்லும்.
ஏன் என்று கேட்காது.

முதலில் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன்.
புது எண் ஒன்று வரும்போதெல்லாம்
இருந்த எண்கள் அத்தனையும்
தட்டுமுட்டுச் சாமானோடு
ஒரு அறை கூடுதலான வீட்டுக்குக் குடிபோயின.
பத்தாவதற்காக ஒன்பது பேர்.
பத்தாயிரமாவதற்காக?
டீ குடித்துத் திரும்பியும் ஓடிக்கொண்டிருந்தது.

“எத்தனை வரும்னு தெரியுமில்ல,
முன்னாடியே எடம் போட்டு வையேன்”
என்றார் ஏ.இ. தையல்நாயகி,
கோப்பிலிருந்து தலை தூக்காமல்.

போட்டேன்.
அத்தனை கட்டத்திலும் பூஜ்யம்,
சேறடித்துப் பரம்படித்த நிலம்போல் மட்டமாக.
வரத்து இறங்கி
நட்டுக்கொண்டே போனது.
யாரும் யாருக்காகவும் நகரவில்லை.
விசிறி நாலு சுற்றுச் சுற்றியிருக்கும்.
முடிந்துவிட்டது.

அச்செடுத்துப் பார்த்தால்
கடைசி வரிசை முழுக்கப் பூஜ்யம்.
நாற்பத்தேழாம் மதகு,
முத்துப்பேட்டைக்குச் சற்று மேலே,
உப்புக்காற்று ஷட்டரைத் தின்னும் இடம்.
கடைமடை. பூஜ்யம் என்றால்
யாருக்கும் சந்தேகம் வராது.
எனக்கும் வரவில்லை. கோப்பில் வைத்தேன்.
வைத்த கைதான் ஏனோ போனை எடுத்தது.

“தண்ணியா?” லஸ்கர் நாகூர்கனி சிரித்தார்.
“தை வரைக்கும் முட்டி அளவு போச்சே.
நோட்டுல எல்லாம் எழுதித்தான் இருக்கு.
எங்கிட்ட யாரும் கேக்கலையேம்மா.”

சுற்றைப் பிரித்துப் பார்த்தேன்.
சுழியிலிருந்து எண்ணத் தொடங்கி
நாற்பத்தைந்தில் நின்றிருக்கிறது.
அவர் மதகை நான் கூப்பிடவே இல்லை.
வராத தண்ணீருக்கும்
கேட்காத கேள்விக்கும்
ஒரே வட்டம்.

இப்போதும் இடம் முன்னாலேயே போடுகிறேன்.
பூஜ்யம் போடுவதில்லை.
‘எண் அல்ல’ என்று நிரப்புகிறேன்.
ஒரு கட்டம் விட்டுப்போனாலும்
மொத்தக் கூட்டலும் கெட்டுவிடும்.
கெடட்டும்.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் எடுத்த அச்சுகள்
பச்சை பீரோவில், வருஷவாரியாக,
சணல் கட்டிக் கிடக்கின்றன.
சாவி என் மேசையில்தான்.
இன்னும் திறக்கவில்லை.