ஐந்தாவது பொத்தான்

இன்ச்சோன். மேட்டுச் சந்து.
இடிக்கப்போகும் வீடுகளின் மேல் சிவப்பு மையில் எண்கள்.
தினமும் காலையில் படியேறிக் கூவுவேன்:
செத்தாக்… செத்தாக்…
எங்கள் பாஷையில் அதற்குச் சலவை என்று அர்த்தம்.
வேறொன்றும் இல்லை.

மூன்றாம் மாடி ஹே-ரான்
கதவுச் சங்கிலியை எடுக்காமலே
இடுக்கு வழியாக நீலக் கோட்டை நீட்டினாள்.
ஐந்தில் ஒரு பொத்தான் இல்லை.
"படியில் எங்கோ அறுந்துவிட்டது.
வியாழன் சாயங்காலம் வருகிறேன்."

வியாழன் விடிந்ததும் வந்தது
இரண்டாம் மாடி பியோவின் சாம்பல் கால்சட்டை.
பனி விழுந்தால் அடுத்த வீட்டு வாசலையும் சேர்த்துப் பெருக்குகிறவர்.
"கிம்ச்சி போட்டோம், மிளகாய்ச் சாறு கொட்டிவிட்டது."
முட்டைக்கோஸ் காலம், சந்தெல்லாம் பூண்டு வாடை.
நம்பினேன்.

துவைக்குமுன் பை துழாவுவது வழக்கம்.
நீலப் பொத்தான் ஒன்று,
நூலோடு, நூலோடு கொஞ்சம் துணியும்.
படியில் கிடந்ததை எடுத்து வைத்திருப்பார், நல்ல மனிதர்
என்று நினைத்தபடியே கோட்டில் தைத்துவிட்டேன்.
சாயங்காலம் அவள் சந்தோஷப்படுவாள்.

வெந்நீரில் மிளகாய் விட்டுவிடும்.
இது பழுப்பாக இறுகியது.
முப்பத்தொரு வருஷத் தொழில்;
கை தானாகவே பச்சைத் தண்ணீருக்குப் போனது.
உப்பு. கட்டைவிரல். மறுபடி உப்பு.
கறை போய்விட்டது.
எதன் கறை என்று கை என்னிடம் சொல்லவில்லை.

அவள் வரவில்லை.
வெள்ளி காலை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
கண்டெடுத்தார்கள்.

துப்பறியும் தாக், ஈரக் குடையை வாசலில் உதறி,
"வித்தியாசமாக ஏதாவது?" என்றார்.
அவர் தலைக்குமேல் ஒரே கம்பியில்
கோட்டும் கால்சட்டையும்
என் கடைக்கு விளம்பரம்போலத் தொங்கின.
எதைக் காட்டுவது?
இல்லாத கறையையா, இருக்கும் பொத்தானையா?
"இல்லை" என்றேன்.
அட்டை ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பியோ வந்தார்.
கால்சட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து
"உங்கள் கை கை" என்றார்.
சில்லறை எண்ணும்போது கண் மேலே போனது.
கோட்டின் கழுத்திலிருந்து கீழ்வரை
மெல்ல இறங்கி, நின்று,
மறுபடி மேலிருந்து தொடங்கியது.

"நான்குதானே இருந்தது?"

இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் அட்டை.
சூட்டில் ஒரு மூலை பழுப்பாகிக்கொண்டிருந்தது.
முதல் மூன்று எண்கள்
இன்னும் தெரிகின்றன.