எந்த ஆட்டத்து அவுட்

முட்டி போனதிலிருந்து நான்தான் அம்பயர்.
ஜுபைல் கேம்ப்பில் வியாழன் ராத்திரி கைப்பந்து,
வெள்ளி விடிகாலை கிரிக்கெட்,
அஸர் பாங்குக்குப் பிறகு வெயில் தாழ கபடி.
ஒரே மணல், ஒரே ஜிப்சம் கோடு, ஒரே விசில்.
மூன்றுக்கும் சேர்த்து ஒரே சொல்லும்.

மணப்பாட்டு ரொசாரியோ எம்பி அடித்தால்
பந்து லேபர் பஸ்ஸின் கண்ணாடிவரை போகும்.
அவுட் என்பேன்.
போனது பந்து. அடித்தவன் நின்ற இடத்தில் நிற்கிறான்,
சிரிக்கிறான், வேட்டியை மடித்துக் கட்டுகிறான்.
யாராவது ஒருவர் ஓடிப்போய்
எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

காலையில் அதே சொல்லைச் சொல்ல
ஒரு விரல் வேண்டும்.
இங்கே பந்து கீப்பர் கையிலேயே இருக்கும்.
வெளியே போகவேண்டியது ஆள்.
கீழக்கரை நைனா பேட்டைத் தூக்கிக் காட்டுவான்,
"சத்தியமாப் படல பாய்."
பன்னிரண்டு மணி நேரம் வெல்டிங் பிடித்தவன்,
வாரம் முழுக்க இந்த ஆறு பந்தை நினைத்துக்கொண்டு.
விரலை மடக்கமுடியாது எனக்கு.
அவன் தண்ணீர்த் தொட்டி ஓரம் போய் உட்கார்ந்து
அன்றைக்கு முழுதும் ஸலாம் சொல்லமாட்டான்.

கபடிதான் கொஞ்சம் ஈரமுள்ள ஆட்டம்.
தொடப்பட்டவன் கோட்டுக்கு வெளியே குந்துவான்.
நம்மாள் ஒருவன் பாடிப் போய்
அங்கே ஒருத்தனைத் தொட்டுத் திரும்பினால்
குந்தியவன் எழுந்து உள்ளே வரலாம்.
செத்தவன் பிழைக்கிற ஆட்டம் என்பான் தவசி.
ஒரத்தநாட்டுக்காரன். கெண்டைக்கால் இரண்டும் உலக்கை.

கோட்டிலும் பேதமுண்டு.
பந்து கோட்டில் விழுந்தால் கைப்பந்தில் உள்ளே.
எல்லைக்கோட்டைத் தாண்டி மிதித்தால் கபடியில் வெளியே.
கிரீஸ் கோட்டின்மேல் கால் இருந்தால்
கிரிக்கெட்டில் அதுவும் வெளியே.
தூரத்து ரிபைனரியின் பிளேர் நெருப்பு
ஏறி இறங்குகிற வெளிச்சத்தில்
இதையெல்லாம் நான் பார்த்துச் சொல்லவேண்டும்.

தவசிக்கு ஏழு மாதம் சம்பளம் வரவில்லை.
கேட்டுவிட்டு, கேட்டுவிட்டு,
வெளியே ஒரு பிளம்பரிடம் வேலைக்குப் போனான்.
ஓடிப்போய்விட்டான் என்று கம்பெனி ஹுரூப் போட்டது.
அதற்குப் பிறகு எங்கள் ரூமில்
இக்காமா இல்லாமல் தூங்கினான், விழுந்து விழுந்து ஆடினான்.
போலீஸ் வண்டி திரும்பும்போது மட்டும்
மூச்சை நிறுத்திவிடுவான், பாடுகிறவன்.

ஒருநாள் மடித்த தாளோடு வந்தான்.
"அண்ணே, அவுட் கெடச்சிருச்சு."
அவுட்பாஸ்.
அதற்காக எட்டு மாதம்
எம்பஸிக்காரர்கள் முன்னால் நின்றிருக்கிறான்.
ரூமில் எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள்.
நைனாகூட, ஒரு விரலுக்கு ஒரு வாரம் பேசாதவன்,
கப்ஸா வாங்கிவந்தான்.
இந்தச் சொல்லைக் கேட்டுக் கை தட்டியவர்களை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கை கழுவும் இடத்தில் தவசி கேட்டான்,
"இது எந்த ஆட்டத்து அவுட்ணே?
திரும்பி வர்றதா, வராததா?"
தாளை வாங்கிப் பார்த்தேன்.
ஒருவழிப் பயணம் என்று இருந்தது.
போட்டோவில் அவன் வேறு யாரோ மாதிரி.
குழாயை மூடாமல் நின்றேன்.

அடுத்த வெள்ளி கபடிக்கு ஆறு பேர்தான்.

நேற்று அவனிடமிருந்து குரல் வந்தது வாட்சப்பில்.
பின்னால் டீ ஆற்றும் சத்தம், பஸ் ஹாரன்.
"ஊர்ல எல்லாரும் ஒண்ணுதாண்ணே கேக்குறாங்க,
லீவுல வந்தியா, கேன்சல்ல வந்தியான்னு.
அம்பயரக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லிவச்சிருக்கேன்."

ஜிப்சம் வாளி கையில் இருந்தது.
பாதிக் கோடு போட்டிருந்தேன்.
இரண்டாம் தரம் கேட்கும்போது
காற்று அந்தப் பாதியையும்
கொஞ்சம் இடம் மாற்றியிருந்தது.