பின்பாக்கெட்டில் முடியும் வயர்

ஷார்ஜா, தொழிற்பேட்டை பதினொன்று.
கார்கோ கம்பெனியின் கிடங்கில்
அட்டைப்பெட்டிகளை ஓரங்கட்டிவிட்டுக்
கறுப்புத் துணி இழுத்துக் கட்டியிருந்தார்கள்.
துணிக்குப் பின்னால்
திருநெல்வேலிக்கும் கோழிக்கோட்டுக்கும் போகவேண்டிய
பால்பவுடர், போர்வை, தைலம்.
துணிக்கு முன்னால் நாங்கள் நாலு பேர்.

அரைமணி நேரச் சிறப்பு நிகழ்ச்சி என்றார் பரணிதரன்.
விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம்.
சனிக்கிழமை பிற்பகல்,
சமையல் போட்டிக்கும் பழைய படத்துக்கும் நடுவே
எங்கள் முதல் ஆல்பத்தை ஊர் கேட்கும்.

ஆல்பத்தின் பெயர் நாற்பத்தொன்பது.
கோடையில் மானி அதற்குமேல் ஏறாது,
ஏறினாலும் சொல்லமாட்டார்கள் என்று
கேம்ப்பில் எல்லோரும் சொல்வார்கள்.
நிஜமா பொய்யா, எங்களுக்கும் தெரியாது.
ஸ்பான்சர் கேட்டார்: "எதுக்கு தம்பி வெயிலு?
பாசம்னு வைங்க. பார்சல்னு வைங்க."
மெர்லின் சிரிக்கவில்லை.
ராத்திரி டியூட்டி முடித்து வார்டிலிருந்து நேரே வந்தவள்,
மைக்கைப் பிடித்த கையில் இன்னும் டெட்டால் வாசனை.

பிறகுதான் சொன்னார்கள்,
நிஜமாக வாசிக்க வேண்டாம்,
பாட்டு ஓடும், வாசிப்பதுபோல் வாசித்தால் போதும்.
தர்மகுலனின் டிரம்மில் துண்டு விரித்தார்கள்.
"மெதுவா அடிங்க, ஆனா வெறியாத் தெரியணும்."
பதினாறு வருடமாக ஏசிக் குழாய் மாட்டுகிற வல்வெட்டித்துறைக்காரன்
துண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"குளிக்கவோ?" என்றான்.

என் பேஸ் கிதாரிலிருந்து புறப்பட்ட வயர்
எந்த ஆம்ப்புக்கும் போகவில்லை.
அதன் முனையை என் பின்பாக்கெட்டில் செருகிவிட்டுப் போனான்
செட்டுப் பையன் ஒருவன்.
அங்கே
எமிரேட்ஸ் ஐடி,
லிப்ட் கம்பெனி அடையாள அட்டை,
வீட்டுக்கு அனுப்பிய பணத்துக்கு மூன்று ரசீது.
முதல் பாட்டு முழுக்க
அவற்றுக்குள்தான் வாசித்தேன்.

ஏழாவது டேக்கில் புகை கேட்டார் பரணிதரன்.
வந்தது. அழகாகத்தான் வந்தது.
ஜபருல்லாவின் இடுப்புவரை ஏறி
வாழ்க்கையில் முதல்முறையாக அவன் ராக் ஸ்டாராகத் தெரிந்த நொடியில்

தீ அலாரம்.

வெளியே மதியம் இரண்டரை.
பட்டான் லாரி டிரைவர்கள், பெட்டி கட்டும் வங்காளிப் பையன்கள்,
மேக்கப் வழியும் நாங்கள்,
சுவரோரத்து ஒருமுழ நிழலில் முதுகை ஒட்டி வரிசையாக.
வெயிலில் கம்பிகள் தளர்ந்து
ஒவ்வொன்றாகச் சுருதி விட்டன.
திருத்துவதற்காக முடுக்கிய ஜபருல்லாவின் விரல்
தானாக நழுவி
மூன்றாம் பாட்டுக்குள் போய்விட்டது.
மின்சாரம் இல்லாத மின்கிதார்
கொசு ஒன்று கணக்கு ஒப்பிப்பது மாதிரி இருக்கும்.
மெர்லின் அதன்மேல் முணுமுணுத்தாள்,
உதடு அசையாமல், தூக்கத்தில்போல.
தர்மகுலன் லாரியின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி
சுட்டுக் கையை உதறினான். அந்த உதறலும் தாளத்தில்தான் இருந்தது.

நேபாளி வாட்ச்மேன் இந்தியில் கேட்டார்:
"உள்ளே அவ்வளவு சத்தம். அது நீங்களா?"
ஆமாம் என்றேன்.
"இது?"
இதுவும்.
கொஞ்சம் யோசித்தார்.
"இது சின்னது" என்றார்.

கேமராக்காரன் இதை எடுத்திருப்பான் என்று நினைப்பீர்கள்.
இல்லை. லென்ஸை மூடிவிட்டு
வேனுக்குள் ஏசியில் உட்கார்ந்து லபான் குடித்துக்கொண்டிருந்தான்.
நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நிகழ்ச்சி வந்தது.
மூன்று பாட்டு ஒன்றரை ஆகியிருந்தது.
அடியில் ஓடிக்கொண்டே இருந்தது,
கிலோவுக்கு ஏழு திர்ஹாம், வீட்டுக்கே வந்து எடுப்போம்.
நான் நாலு நொடி:
ஒரு முழங்கை, பெல்ட், திரும்பும்போது முதுகு.

நாசரேத்திலிருந்து மகள் போன் பண்ணினாள்.
"அப்பா, ஒங்க வயரு பாக்கெட்டுக்குள்ள போவுது."
ஆமா.
"அப்ப சத்தம் எங்கேருந்து வருது?"

பதினெட்டாம் மாடிக்கும் பத்தொன்பதுக்கும் இடையில்
நிறுத்திய லிப்டின் தலைமேல் நின்றிருந்தேன்,
கையில் கிரீஸ், காதில் விட்டுவிட்டு வரும் சிக்னல்.
"அது வந்து..." என்று தொடங்கினேன்.
கீழே யாரோ
கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள்.